கொள்ளைநோயை எதிர்த்த ஹாஃப்கின்

மும்பை மாநகரில் பரேல் என்னும் பகுதி உண்டு. அங்குள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கோ கே.இ.எம். மருத்துவமனைக்கோ சென்றவர்கள், அருகிலேயே பழைய மாளிகை ஒன்றையும் அதன் பெயர்ப் பலகையையும் கண்டிருக்கக்கூடும். முற்காலத்தில் பம்பாய் ஆளுநர்கள் வாழ்ந்த மாளிகை அது. இன்று அதன் பெயர் ஹாஃப்கின் நிறுவனம். பாம்புக்கடிக்கான மருந்தும் போலியோச் சொட்டு மருந்தும் இப்பெயரைத் தாங்கி வெளிவந்துள்ளன. ஆயினும் ஹாஃப்கின் என்பவர் யார் என்று கேட்டால், அம்மாளிகையின் வாயில் வழியே நாள்தோறும் செல்பவர்களுள்ளும் பலர் விடை கூற அறியார்.

வால்டெமார் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், கருங்கடற்கரையிலுள்ள ஒடேசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒடேசா அந்நாளில் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. இன்று அது உக்ரைன் நாட்டைச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் அவர் விலங்கியல் பயின்றார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ் அவருடைய ஆசிரியர். யூதர்கள் பலவாறு ஒடுக்கப்பட்ட காலம் அது. 1881இல் ஒடேசாவில் யூதர் குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது, அவற்றைக் காக்க முன்வந்த இளைஞர்களுள் ஹாஃப்கினும் ஒருவர். அவர் காயமுற்றுச் சிறைப்பட்டார்; ஆசிரியரின் முயற்சியால் விடுதலை பெற்றார். பட்டம் பெற்ற பின்னரும், மதம் மாறினாலன்றிப் பேராசிரியர் பதவி கிட்டாது என்னும் நிலை. அவர் மதம் மாற இசையவில்லை. ஒடேசாவின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1888இல் தாய்நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஜெனிவாவில் சிறிது காலம் கழித்த பின்னர் அவர் பாரிஸ் சென்றார். அங்கே லூயி பாஸ்டர் நிறுவிய ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை நூலகப் பணி ஒன்றே. பகலில் நூல்களை அடுக்கினார். எஞ்சிய நேரத்தில் ஆய்வு செய்தார். ஓய்வு கிடைத்தால் வயலின் வாசித்தார்.

அவர் ஆராய்ந்தவை பாக்டீரியாக்கள் என்னும் நுண்ணுயிரிகள். ஒரே ஒரு செல்லால் ஆன உயிர்கள் அவை, வெறுங்கண்ணுக்குப் புலப்படாதவை. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. பாலைத் தயிராக்குபவையும் அவையே. நம் குடலில் கோடிக்கணக்கானவை குடியிருக்கின்றன. ஆனால் சிலவகை பாக்டீரியாக்கள் உடலில் புகுந்து பெருகினால் உயிரையே பறிக்கும். அத்தகைய மூன்று பாக்டீரியாக்கள் ஹாஃப்கினின் வாழ்வோடு பிணைந்துள்ளன. இரண்டை அவர் எதிர்த்துப் போராடினார். மூன்றாவதை அவர் ஆராயவே இல்லை. அவரை வீழ்த்தியது அதுவே.

முதலாவது, காலராவை உண்டாக்கும் பாக்டீரியா. நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய நோய் அது. அசுத்தமான நீரின் வழியாகக் குடலை அடையும் இவ்வுயிரி ஒரு நச்சுப்பொருளைச் சுரக்கிறது. அந்நச்சினால் உடலிலுள்ள நீர் பெருமளவில் குடல் வழியே வெளியேறுகிறது. காலையில் நலமாயிருந்தவர் மாலைக்குள் இறந்துவிடுவதும் உண்டு. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் நிகழ்த்திய ஆய்வுகளால் இக்கிருமியே நோய்க்குக் காரணம் என்று உறுதி செய்திருந்தார். காரணம் தெரிந்தது, தடுக்கும் வழி தெரியவில்லை.

ஹாஃப்கின் அக்கிருமியைக் கினிப்பன்றிகளின் உடலில் மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியமிக்கதாக்கினார். மற்றொரு பகுதியை வெப்பக் காற்றால் வலுவிழக்கச் செய்தார். வலுவிழந்ததை முதலிலும் வீரியமிக்கதைப் பின்னரும் ஊசி வழியே தோலின் கீழ்ச் செலுத்தினால், உடல் அந்நோயை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கருத்து. விலங்குகளிடம் அது மெய்யாயிற்று. மனிதரிடமும் மெய்யாகுமா என்பதை அறிய, 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் தம் உடலிலேயே அம்மருந்தைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்தன. சில நாட்களில் நீங்கின.

பாரிஸில் அவருடைய கண்டுபிடிப்பைப் பலர் ஐயத்துடனேயே நோக்கினர். அப்போது அந்நகரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃபரின் பிரபு, முன்னர் இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். காலராவின் கொடுமையை நேரில் அறிந்த அவர், ஹாஃப்கினை இந்தியாவுக்குச் செல்லுமாறு தூண்டினார். 1893இல் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அவருக்கு இந்நாட்டின் மொழி எதுவும் தெரியாது. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்லர், விலங்கியல் அறிஞர். ஆங்கில அலுவலர்கள் இதனை அடிக்கடி நினைவூட்டத் தவறவில்லை.

கல்கத்தாவின் நெருக்கமான குடிசைப் பகுதிகளில் அவர் இந்திய மருத்துவர்கள் நால்வரைத் துணைகொண்டு பணியாற்றினார். மக்கள் முதலில் அஞ்சி விலகினர். அது இயல்பே. முன்பின் அறியாத வெள்ளையர் ஒருவர் ஊசியோடு வந்து நின்றால் எவர்தாம் கையை நீட்டுவர்? அவர்கள் கண்முன்னே அவர் முதலில் தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். 1894ஆம் ஆண்டு, சுமார் 200 பேர் வாழ்ந்த குடிசைப் பகுதி ஒன்றில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்குக் காலரா மீண்டும் தலைகாட்டி, 10 பேரைப் பற்றியது. 7 பேர் இறந்தனர். அப்பதின்மருள் ஊசி போட்டுக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. அச்செய்தி பரவிய பின்னர் மக்களே அவரைத் தேடி வரலாயினர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் வரை அவர் பயணம் செய்தார். 1895க்குள் 40,000க்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. மலேரியாக் காய்ச்சலால் உடல் நலிந்து ஐரோப்பா சென்ற அவர், மறு ஆண்டே திரும்பி வந்தார்.

அவ்வாண்டுதான், அதாவது 1896இல், பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது.

பிளேக்கை உண்டாக்கும் பாக்டீரியாவை அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே ஹாங்காங்கில் யெர்சின் என்பவர் கண்டறிந்திருந்தார். எலிகளிடம் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதால் அது மனிதருக்குப் பரவுகிறது என்பது மட்டும் அன்று யாருக்கும் தெரியாது. நோய் பற்றியவருக்குக் கடுங்காய்ச்சல் காணும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டிப் பெரிதாக வீங்கும். அன்று பெரும்பாலோர் சில நாட்களில் இறந்தனர். துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் பகுதியில் வீடுகளில் எலிகள் செத்து விழுந்தன. பின்னர் மனிதர்கள் விழுந்தனர். மக்கள் இலட்சக்கணக்கில் நகரைவிட்டு ஓடினர். ஓடியவர்களுள் சிலரோடு நோயும் ஓடியது. புனே நகரில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் பூலே, 1897 மார்ச்சில் அந்நோய்க்கே இரையானார்.

அரசு எடுத்த நடவடிக்கைகள் கடுமையானவை. வீரர்கள் வீடுகளுக்குள் புகுந்தனர்; நோயுற்றவரைக் குடும்பத்தினின்று பிரித்து இழுத்துச் சென்றனர்; பொருள்களை எரித்தனர். மக்களின் சினம் மூண்டது. புனேயில் பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் என்பவர் 1897 ஜூனில் சுடப்பட்டார். நோயைவிட அதனைத் தடுக்க வந்தவர்களுக்கே மக்கள் அஞ்சிய காலம் அது என்றால் மிகையாகாது.

இச்சூழலில் ஹாஃப்கின் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறையும் ஒரு தாழ்வாரமும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. துணைக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும் இருந்தனர். அவ்வளவே அவருடைய படை. பணிச்சுமை தாங்காமல் உதவியாளருள் ஒருவர் நரம்புத் தளர்ச்சியுற்றார். இருவர் விலகிச் சென்றனர். ஹாஃப்கின் விலகவில்லை.

இம்முறை அவர் உயிருள்ள கிருமிகளைப் பயன்படுத்த விரும்பவில்லை. பிளேக் கிருமிகளைக் குடுவைகளிலுள்ள இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். அச்சாற்றின் மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். ஆம், நம் வீட்டுச் சமையலறையில் உள்ள அதே நெய்தான். கிருமிகள் அந்நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு, குகையின் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைப் போலக் கீழ்நோக்கி வளர்ந்தன. குடுவையை அசைத்தால் விழுதுகள் உதிர்ந்து அடியில் படியும். மீண்டும் புதிய விழுதுகள் இறங்கும். இவ்வாறு பல வாரங்களில் பெருந்திரளாகச் சேர்ந்த கிருமிகளை வெப்பத்தால் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்து மருந்தாக்கினார். இறந்த கிருமி நோயைத் தராது. ஆனால் அதனை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்ட உடல், பின்னர் உயிருள்ள கிருமி புகும்போது அதனை எதிர்க்க ஆயத்தமாயிருக்கும்.

1897 ஜனவரி 10ஆம் நாள் அம்மருந்தையும் தம் உடலிலேயே முதலில் சோதித்தார். பிறருக்குப் போட எண்ணியிருந்த அளவைப்போல மும்மடங்குக்கும் மிகுதியாகச் செலுத்திக்கொண்டார். கடுங்காய்ச்சலில் சில நாட்கள் கிடந்து எழுந்தார். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. சிறையாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். பின்வந்த நாட்களில், போட்டுக்கொள்ளாதவர்களுள் 12 பேரை நோய் பற்றியது. 6 பேர் இறந்தனர். போட்டுக்கொண்டவர்களுள் இருவருக்கே நோய் கண்டது, எவரும் இறக்கவில்லை.

இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான் அப்போது இருபது வயதே நிரம்பாத இளைஞர். அவர் தம் மக்கள் காண ஊசி போட்டுக்கொண்டார். தமக்குரிய மாளிகை ஒன்றையும் ஆய்வுக்கு அளித்தார். அரசின் ஆணையால் வாராத நம்பிக்கை இத்தகைய செயலால் வந்தது. 1899 ஆகஸ்டில் பரேல் ஆளுநர் மாளிகையே பிளேக் ஆய்வுக்கூடம் ஆயிற்று. விருந்துகள் நடந்த கூடங்களில் நெய் மிதக்கும் குடுவைகள் வரிசை வரிசையாக நின்றன. அங்கிருந்து இலட்சக்கணக்கானோருக்கு மருந்து சென்றது.

இனி அவர் வாழ்வின் துயரப் பகுதிக்கு வருவோம்.

1902இல் பஞ்சாபில் பிளேக் கடுமையாகப் பரவியது. அம்மாகாண அரசு மிகப் பெரிய அளவில் மருந்து கேட்டது. விரைவாக ஆக்குவதற்காக, ஹாஃப்கின் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதைக் கைவிட்டு, வெப்பத்தை மட்டும் கொண்டு மருந்தைத் தூய்மைப்படுத்தினார். பாரிஸில் ஏற்கெனவே பின்பற்றப்பட்ட முறைதான் அது. பரேலிலிருந்து புட்டிகள் பஞ்சாபுக்குச் சென்றன.

அக்டோபர் 30ஆம் நாள், முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு வாரம் சென்றது. அவர்களுள் சிலருக்குத் தாடை இறுகியது. வாய் திறக்க இயலவில்லை. உடல் வில்லாக வளைந்து விறைத்தது. அது பிளேக் அன்று, டெட்டனஸ். 19 பேர் இறந்தனர். அவர்கள் அனைவரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்கள். அப்புட்டியின் எண் 53-என்.

டெட்டனஸ் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. தெருப்புழுதியிலும் கால்நடைச் சாணத்திலும் இருப்பது. தீய சூழலில் அது தன்னைச் சுற்றித் தடித்த உறை ஒன்றை அமைத்துக்கொண்டு, வித்துப்போல ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். காற்றில்லாத ஆழமான புண்ணை அடைந்தால் விழித்தெழுந்து பெருகி, நரம்புகளைத் தாக்கும் நச்சினைச் சுரக்கும். துருப்பிடித்த ஆணி குத்தினால் உடனே ஊசி போட்டுக்கொள்ளச் செய்வது இதற்காகவே. அன்று அத்தகைய தடுப்பூசி பழக்கத்தில் இல்லை.

அக்கிருமி புட்டிக்குள் எங்கே புகுந்தது? பரேலிலா, முல்கோவாலிலா? ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. பரேலில்தான் என்று அக்குழு முடிவு செய்தது. அமிலத்தைக் கைவிட்டதே காரணம் எனப்பட்டது. ஹாஃப்கின் பதவியை இழந்தார், இந்தியாவைவிட்டு நீங்கினார். அவர் ஆங்கிலேயராகவோ மருத்துவராகவோ இருந்திருந்தால் இத்துணை விரைவாகக் குற்றவாளி ஆக்கப்பட்டிருப்பாரா என்னும் ஐயம் அன்றே பலருக்கு எழுந்தது. இன்று அவ்வரலாற்றைப் படிக்கும் நமக்கும் எழுகிறது.

ஆயினும் சான்றுகள் வேறு கதை கூறின. புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை எடுத்து, கிருமிநாசினிக் கரைசலில் ஒருமுறை அலசிவிட்டு, அதனாலேயே புட்டியின் அடைப்பானை அவர் நீக்கினார். டெட்டனஸ் வித்தினைக் கொல்ல அவ்வலசல் போதாது. மற்றொரு சான்றும் உண்டு. டெட்டனஸ் கிருமி வளரும் இடத்தில் தீநாற்றம் வீசும். கிருமி பரேலிலேயே புகுந்திருந்தால், மருந்து பஞ்சாபை அடைவதற்குள் பெருகி, திறந்தவுடன் நாற்றம் அடித்திருக்க வேண்டும். ஊசி போட்ட மருத்துவர் திறந்தவுடன் முகர்ந்து பார்த்தார். நாற்றம் எதுவும் இல்லை. மேலும், முன்னரே சுரந்த நச்சு மருந்தில் இருந்திருந்தால் நோய் மிக விரைவில் வெளிப்பட்டிருக்கும். ஒரு வாரம் காத்திராது. ஆகவே புட்டி திறக்கப்பட்ட அந்நொடியில், அவ்வூர்ப் புழுதியிலிருந்தே கிருமி புகுந்தது என்பதே பொருந்தும்.

இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துரைக்க ஹாஃப்கின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் போராடினார். மலேரியா கொசுவால் பரவுவதை இந்தியாவில் ஆராய்ந்து கண்டறிந்தவரும் நோபல் பரிசு பெற்றவருமான ரொனால்டு ராஸ் அவருக்காக வாதிட்டார். 1907 ஜூலையில் பாக்டீரியா ஆய்வில் தேர்ந்த அறிஞர் பதின்மர் கையொப்பமிட்ட மடல் இலண்டனின் டைம்ஸ் நாளிதழில் வெளியாயிற்று. அவ்வாண்டு இறுதியில் அவர் மீதிருந்த பழி நீக்கப்பட்டது.

முல்கோவாலின் அந்தப் பத்தொன்பது பேரைப் பற்றி வரலாற்று நூல்கள் இதற்கு மேல் பெரிதாக எதுவும் கூறுவதில்லை. அவர்களும் ஆகா கானைப் போலவே நம்பிக்கையோடு கை நீட்டியவர்கள். இடுக்கியை நழுவவிட்ட உதவியாளரையும் கொடியவராகக் கருத வேண்டியதில்லை. கூட்டம் நெருக்கும் ஊர்த்திடலில், ஒருநாளில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு ஊசி போடும் பரபரப்பில், அது எவர் கையிலிருந்தும் நழுவியிருக்கும். நுண்ணுயிரியின் அளவையும் அதன் வலிமையையும் அறிந்தவர்களே இத்தகைய கணத்தில் மீண்டும் புதிய இடுக்கி ஒன்றைக் கேட்பர்.

ஹாஃப்கின் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆனால் பரேலில் அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். அவருக்குக் கல்கத்தாவில் பதவி தரப்பட்டது. மனிதருக்குத் தடுப்பூசி போட்டுச் சோதிக்கும் உரிமை தரப்படவில்லை. ஆர்வத்தோடு வந்தவர் அங்கே பெரும்பாலும் ஏட்டளவிலான ஆய்விலேயே காலம் கழித்தார். 1914இல் ஓய்வு பெற்றுப் பிரான்சுக்குச் சென்றார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் தம் செல்வத்தை யூத மாணவர்களின் கல்விக்கென அறக்கட்டளையாக ஆக்கினார்.

1925இல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. அச்செய்தியைக் கேட்க அவர் உயிரோடிருந்தார். 1930 அக்டோபர் 26ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார். 1964இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.